வெளியாருக்கு வெறும் ஷிஹோ

நீகாதா,
ஜூன் 3, 2003

தொகாஷி ஹிஸாயே ஸாமா அவர்களுக்கு,

மழைக்காலம் நெருங்கிவிட்டது. தங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

போன மாதம் ஏழாம் தேதி இரண்டு பைகளோடு புறப்பட்டபோது சரியாக விடைபெறவில்லை. நீங்கள் முற்றத்தில் மீன் தொட்டி கழுவிக்கொண்டிருந்தீர்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. "போறேன்" என்று சொல்லவும் வரவில்லை. அதனால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இங்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு ஒரு மளிகைக் கடையின் மாடியில் அறை. சட்டையில் குத்தும் பெயர் வில்லையில் என் பிறந்த வீட்டுப் பெயரான கொமாட்சுவைப் போட்டுக்கொண்டேன். அரசாங்கப் பதிவிலும் அப்படியே மாற்றிக்கொள்ள எண்ணம். கணவனை இழந்தவள் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்ப ஒரு படிவம் இருக்கிறது. கணவன் வீட்டாரோடு உறவு முடிந்தது என்று எழுதிக் கொடுக்க இன்னொரு படிவம். இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் சம்மதம் தேவையில்லை என்று அங்கே சொன்னார்கள். ஆனாலும் பதினொரு வருடம் உங்கள் மருமகளாக இருந்துவிட்டு, சொல்லாமல் செய்வது முறையல்ல. வருடம் முடிவதற்குள் கொடுத்துவிடுவேன்.

ஒரு வேண்டுகோள். மாடி அலமாரியில் என் சாம்பல் நிறக் கோட்டு இருக்கிறது. முடிந்தால் அனுப்புங்கள். பின்வாசலில் கிடக்கும் என் ரப்பர் பூட்ஸை எறிந்துவிடலாம்.

பதிலுக்கு உறை வைத்திருக்கிறேன்.

கொமாட்சு ஷிஹோ


முராகாமி,
ஜூன் 14

ஷிஹோ ஸானுக்கு,

மூட்டு வலி மூட்டில்தான் இருக்கிறது. வேறு எங்கும் போகவில்லை.

ஒரு மணி நேர ரயில் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தபாலில் குசலம் விசாரிக்கிறாய். அதற்கு ஒரு பதில் உறை வேறு, தபால்தலை ஒட்டி! நான் என்ன முனிசிபல் ஆபீஸா? அந்த உறையில் உன் பெயருக்குக் கீழே அடக்கமாக ‘போய்ச் சேர்க’ என்று ஓர் எழுத்தைப் போட்டிருக்கிறாய். தன் பெயருக்குத் தானே ‘ஸாமா’ என்று மரியாதை போட்டுக்கொள்ள முடியாது, சரி. பதில் எழுதுகிறவர்தான் அந்த எழுத்தை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஸாமா’ என்று எழுத வேண்டும். அந்த மரியாதையெல்லாம் எனக்கும் தெரியும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன், பார்.

நீ போனதிலிருந்து கென்ஸோ தொல்லை தாங்கவில்லை. முப்பது வருடமாக நம் கடையில் மீன் அறுக்கிறவன், இப்போது கத்தியைத் தீட்டிக்கொண்டே வாசலைப் பார்க்கிறான்.

"சின்னம்மா எப்ப வராங்க?"

"எனக்கென்ன தெரியும். போய் மீனைப் பாரு."

"ஜூன் மாசத்துல ஏதும்மா மீனு?"

அவன் சொன்னதும் நியாயம்தான். இலையுதிர் காலத்தில் ஆற்றில் சால்மன் ஏறும்வரை எனக்கும் அவனுக்கும் சண்டை போடுவதைத் தவிர வேலையில்லை.

படிவம் விஷயம். உனக்கு முப்பத்தைந்து வயது. என் மகன் தகேஹிகோ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. நீ எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? குறுக்கே நிற்க மாட்டேன். கோட்டை அக்டோபரில் அனுப்புகிறேன். ஜூன் மாதத்தில் யாராவது கம்பளிக் கோட்டு கேட்பார்களா? நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய்?

ஹிஸாயே


நீகாதா,
ஜூலை 6

அம்மா என்று எழுதுவதா, ஹிஸாயே ஸாமா என்றே எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. பெயரே இல்லாமல் தொடங்குகிறேன்.

"எனக்கென்ன தெரியும்" என்று கென்ஸோ ஸானிடம் சொன்னீர்களாம். உங்களுக்கா தெரியாது?

ஏப்ரல் பதினைந்து. இறந்த வருடத்தையும் சேர்த்து எண்ணிச் செய்த, தகேஹிகோ ஸானின் மூன்றாம் ஆண்டுத் திதி முடிந்த மறுநாள். கோவிலுக்குத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றினேன். ஒரு கால் கழற்றியாயிற்று, மறுகால் பாக்கி. கடையில் போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர் என்னைக் கேட்டிருக்கிறார். நீங்கள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஷிஹோ ஸான் இங்க இல்லைங்க."

ஷிஹோ ஸான்.

வீட்டுக்குள் முகத்துக்கு நேரே நீங்கள் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். ஊரில் எந்த மாமியாரும் அப்படித்தான். அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் வெளியாளிடம்? எனக்குக் கல்யாணமான முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? போனில் ஒருவரிடம் "தகேஹிகோ ஸான் வெளிய போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். ரிசீவரைப் பிடுங்காத குறையாக வந்து நின்றீர்கள்.

"நம்ம வீட்டு ஆளுக்கு வெளியாள் முன்னாடி நாமே மாலை போடுவமா? தகேஹிகோ வெளிய போயிருக்கான்னு சொல்லு. கட்டினவனா இருந்தா என்ன, செத்துப்போன மாமனாரா இருந்தா என்ன, நம்ம ஆளுன்னா வெறும் பேருதான். ஸான், ஸாமான்னு மரியாதை எல்லாம் அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு."

எனக்கு அழுகை வந்தது. மறுநாள் யாரோ போனில் என்னைக் கேட்டபோது, நான் மாடிப்படியில் நின்றேன். "ஷிஹோ துணி காயப்போடறா, இதோ வரச் சொல்றேன்" என்றீர்கள். வெறும் பெயர். எனக்கு ஆனந்தமாக இருந்தது. இந்த வீட்டில் நானும் ஓர் ஆள் என்று அந்த நிமிடம்தான் நம்பினேன். கல்யாணச் சடங்கில்கூட அப்படித் தோன்றவில்லை.

பதினொரு வருடம் வெறும் ஷிஹோ. திதி முடிந்த மறுநாள் ஷிஹோ ஸான். மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாயிற்று, இனி இவள் அந்தப் பக்கத்து ஆள் என்றுதானே அர்த்தம்? மரியாதை கொடுத்தே வெளியே தள்ளிவிட்டீர்கள். திட்டித் தள்ளியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மூன்று வாரம் காத்திருந்தேன். தவறிப்போய் வந்த வார்த்தை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று. சொல்லவில்லை. பிறகுதான் பை கட்டினேன்.

மதியம் சோறும் ஊறுகாயும். இரவு கடையில் மிஞ்சிய கீரை. நன்றாகவே சாப்பிடுகிறேன்.

ஷிஹோ


முராகாமி,
ஆகஸ்ட் 17

ஷிஹோ ஸானுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. படித்துவிட்டு தகேஹிகோவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவனாவது பதில் சொல்லட்டும் என்று பார்த்தேன். அவன் உயிரோடு இருந்தபோதே இப்படிப்பட்ட நேரத்தில் நழுவிவிடுகிறவன்.

நேற்றோடு ஓபோன் முடிந்தது. செத்தவர்களை வரவேற்று மூன்று நாள் வைத்திருந்து திருப்பி அனுப்புகிற வேலை, இந்த வருடம் நான் ஒருத்தி. கல்லறையில் நீ வைக்கிற அந்த ஊதாப் பூ கிடைக்கவில்லை. வெள்ளை வைத்தேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் பதினைந்து தவறிப்போய் வந்த வார்த்தை இல்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன்.

முந்தின நாள், திதிச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். செருப்பு விடுகிற இடத்தில் உன் அப்பா மட்டும் நின்றார். நீ உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"ஹிஸாயே ஸான், உங்களைக் குறை சொல்லல. எங்க பொண்ணை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா நீங்க வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் ‘எங்க ஷிஹோ, எங்க ஷிஹோ’ன்னு சொல்லிட்டிருந்தா, வேற எவன் வந்து அவளைக் கேப்பான்? அவளுக்கு வயசு இருக்கு. விட்டுக் குடுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினார், இடுப்பு மடிய. அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? சரி என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்னை வெறும் பெயரால் சொல்வது என்பது என்னுடையவள் என்று சொல்வது. அதைத்தான் அவர் கேட்டார். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். ஷிஹோ ஸான் இல்லைங்க. ஷிஹோ ஸான் இல்லைங்க. பற்பசையோடு வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம். பத்து மணிக்கு போன் அடித்தது. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, மூன்று மீன் கேட்டவருக்கு முப்பது என்று எழுதி வைத்தேன். கென்ஸோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்னைத் தள்ளுவதற்காகச் சொல்லவில்லை. நீ போக நினைத்தால் உன் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்து நீ பை கட்டினாய். ஆக, போகத்தான் நினைத்திருக்கிறாள், உன் அப்பா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு தொட்டி கழுவினேன். அந்தத் தொட்டியை மூன்று முறை கழுவினேன்.

இப்போதும் சொல்கிறேன். உன் படிவத்தைக் கொடுத்துவிடு. வாக்கு வாக்குதான்.

ஹிஸாயே


நீகாதா,
செப்டம்பர் 10

அம்மாவுக்கு,

இரண்டு பெரியவர்கள் செருப்பு விடுகிற இடத்தில் நின்று என்னைப் பேசி முடித்திருக்கிறீர்கள். நான் எட்டடி தள்ளி உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குரல் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லையா? மீன் வாங்க வருகிறவரிடம்கூட எது வேண்டும் என்று கேட்டுத்தானே எடுத்துக் கொடுக்கிறோம்?

அப்பாவுக்கு போன் செய்து கத்தினேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். எல்லாரும் என் நல்லதுக்கே செய்கிறீர்கள். நான்தான் மளிகைக் கடை மாடியில் கீரை தின்கிறேன்.

கோபம் தீரவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் பற்பசையோடு நீங்கள் நின்றதை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு புது விதி. இனிமேல் நோயாளிகளை ‘ஸான்’ என்று கூப்பிடக் கூடாதாம், அதற்கும் மேலான ‘ஸாமா’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம். எல்லா ஆஸ்பத்திரியும் அப்படி மாறிவிட்டதாம். போன வாரம் எண்பத்தொரு வயது முதியவர் ஒருவரை, என்னால் முடிந்த அளவு பணிவாக, ஸாமா போட்டுக் கூப்பிட்டேன். மனிதர் எழுந்திருக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"ஸாமாவா? என்னைப் புத்தர் பக்கத்துல உக்கார வச்சிட்டியாம்மா? இன்னும் ஒரு கண்ணு ஆபரேஷன் பாக்கி இருக்கு. பழையபடியே கூப்பிடு."

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

படிவங்கள் இரண்டும் நிரப்பியாயிற்று. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்து, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். கொடு கொடு என்கிறீர்கள். கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்.

நான் போன பிறகும் யாராவது போனில் என்னைக் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? ஷிஹோ ஸான் போய்விட்டார் என்றா?

அதைத் தெரிந்துகொண்டு படிவத்தைக் கொடுக்கிறேன்.

ஷிஹோ


முராகாமி,
அக்டோபர் 22

ஷிஹோ ஸானுக்கு,

மீன் ஏறத் தொடங்கிவிட்டது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், வேறு இல்லை.

நேற்று வரை எழுபது மீனுக்கு உப்புத் தேய்த்தாயிற்று. என் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கென்ஸோ ஒரு மீனின் வயிற்றை மேலிருந்து கீழ்வரை முழுக்கப் பிளந்துவிட்டான். நடுவில் இரண்டு விரல் அகலம் ஒட்ட விடாமல்! இந்த ஊரில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு செத்த சாமுராய்கள் வாழ்ந்த ஊரில், மீனையும் அப்படிக் கிழித்துத் தொங்கவிட்டால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திட்டினேன்.

"சின்னம்மா பக்கத்துல நின்னு எண்ணிட்டே இருப்பாங்க, அந்த ஞாபகத்துல கை போயிடுச்சு" என்றான். அறுபத்திரண்டு வயது ஆள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். உப்பாம்.

கோட்டு இத்துடன் வருகிறது. இடது பையில் ஓட்டை இருந்தது, தைத்துவிட்டேன். நூலின் நிறம் சரியாகப் பொருந்தவில்லை.

படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பினாயா? நீல மை என்றால் திருப்பி அனுப்புவார்கள்.

போனில் நான் என்ன சொல்கிறேன் என்பது கடை விஷயம். வாடிக்கையாளருக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது. வெளியில் வேலை பார்க்கிறவர்களிடம் அதையெல்லாம் எழுதுவதற்கில்லை.

குளிர் வருகிறது. கழுத்தை மூடிக்கொள்.

ஹிஸாயே


நீகாதா,
நவம்பர் 27

அம்மா,

கோட்டு கிடைத்தது. இடது பைக்கு நீல நூல் போட்டிருக்கிறீர்கள். கையை விடும்போதெல்லாம் தெரிகிறது.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இருபத்து நான்காம் தேதி மதியம் அந்தப் பதில் தானாக வந்து சேர்ந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் இஸோபே என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். நல்ல மனுஷி, கொஞ்சம் சத்தம். வருடக் கடைசியில் பெரியவர்களுக்கு அனுப்ப நல்ல உப்பு சால்மன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முராகாமியில் தொகாஷி என்று ஒரு கடை என்றேன். நம்பரும் எழுதிக் கொடுத்தேன். அது என் வீடு என்று சொல்லவில்லை. இங்கே நான் கொமாட்சு. குடும்பப் பெயரைத் தவிர என் சொந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

"அட, எங்க அத்தைகூட அங்கதான் வாங்குவாங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மேசை போனில் நம்பரை அழுத்தினார். மறுகையில் சோற்று உருண்டை, அதனால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"வணக்கங்க, தொகாஷி மீன் கடைங்க."

ஏழு மாதம் கழித்து உங்கள் குரல். போனுக்கென்று வைத்திருக்கிற, கொஞ்சம் மேலே போகிற குரல். என் கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சி கீழே விழுந்தது.

"நீகாதால இருந்து இஸோபே பேசறேங்க. ரெண்டு மீன் வேணும். எங்க அத்தை சொன்னாங்க, அங்க ஷிஹோ ஸான்னு ஒருத்தங்க இருக்காங்களாம், அவங்ககிட்ட விட்டா நல்ல மீனாப் பாத்து எடுத்து வைப்பாங்களாம். அவங்க இருக்காங்களா?"

அம்மா, நான் அந்தக் கணம் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஷிஹோ ஸான் என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அன்றைக்கே டப்பாவைத் திறந்து படிவங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

"மன்னிக்கணுங்க. ஷிஹோ இப்ப கொஞ்சம் வெளிய போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

பின்னால் கென்ஸோ ஸான் கத்தி தீட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நேரம் சொல்லிட்டுப் போகலைங்க. வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொல்றேன். நம்பர் குடுங்க."

இஸோபே ஸான் நம்பரைச் சொல்லி போனை வைத்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன கொமாட்சு ஸான், கண்ணுல என்ன? இங்கயே மருந்து ஊத்திக்கோங்க, காசு வேணாம்." பிறகு சோற்றைக் கடித்துக்கொண்டே சொன்னார். "அந்த ஷிஹோ அந்தம்மாவோட சொந்த மக போல இருக்கு. எவ்வளவு சுருக்கா வெறும் பேரைச் சொல்றாங்க, பாத்தீங்களா?"

ஏழு மாதமாக எல்லாரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? கொஞ்சம் வெளியே போயிருக்கிறாள் என்று? அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரே ஒரு நாள்தான் தாங்கியதா? என்னிடம் மட்டும் கொடு கொடு என்று எழுதிவிட்டு, ஊரில் யாருக்கும் நான் போய்விட்டதாகவே சொல்லவில்லையா?

நான் அன்று போய் வருகிறேன் என்று சொல்லாமல் வந்தேன். நீங்கள் எனக்காக அதை ஒவ்வொரு போனிலும் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். எனக்கு எவரையாவது பிடித்தால் என் வாயால் சொல்வேன், அதுவரை என்னை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றேன். "உன் இஷ்டம்" என்றார்.

இஸோபே ஸான் தினமும் என்னிடமே கேட்கிறார், "அந்த ஷிஹோ இன்னும் கூப்பிடலையே" என்று. அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இங்கிருந்து கூப்பிட்டால் அது சரியாக வராது. கடை போனிலிருந்துதான் கூப்பிட வேண்டும்.

வரட்டுமா?

பதில் உறை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள்.

ஷிஹோ


முராகாமி,
டிசம்பர் 1

ஷிஹோ ஸானுக்கு,

வா.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

நீ கேட்பாய் என்று மட்டும் தெரிந்திருந்தால் போனில் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன். அன்று தொண்டையில் சளி. ஆமாம், எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். ஏப்ரலில் ஒரு நாள் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், முப்பது மீன் ஆயிற்று. பிறகு நீ போனாய். போன மறுநாளே ஒருவர் உன்னைக் கேட்டார். வாய் பழைய வழியிலேயே போய்விட்டது. ஒரு முறை சொன்னதை மறுமுறை மாற்றினால் கடைக்குக் கெட்ட பெயர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைச் சொல்லும் நேரமாவது நீ பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பதாக எனக்கும் இருந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து பேர் உன்னைக் கேட்டால் எனக்கு நல்ல நாள்.

உன்னிடம் அதை எழுத முடியவில்லை. எழுதினால் கூப்பிட்டது போல ஆகிவிடும்.

உன் அப்பாவுக்கு போன் செய்தேன். "கொமாட்சு ஸான், குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல, மன்னிச்சிடுங்க" என்றேன். போனைப் பிடித்துக்கொண்டே குனிந்து வணங்கினேன், தலை மேசையில் இடித்தது. "அவ சொல்லிட்டா. விடுங்க. வருஷக் கடைசிக்கு ஒரு மீன் அனுப்புங்க, பெருசா" என்றார். நீ வந்து எடுத்து வை.

உறையில் தொகாஷி ஷிஹோ என்று எழுதியிருந்தாய். கீழே வழக்கம்போல ‘போய்ச் சேர்க.’ ஸ்கேல் எடுத்து இரண்டு கோடு போட்டு அதை அடித்தேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறதி என்று நினைத்துக்கொள்ளாதே. தபாலாபீஸ் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.

"ஹிஸாயே ஸான், பேருக்குப் பின்னாடி ஸாமா விட்டுப்போச்சே. இந்தாங்க பேனா."

"விட்டுப்போகலம்மா. உறை உங்க கைலதானே போகுது? வெளியாளுங்க கிட்ட எங்க வீட்டு ஆளைச் சொல்றப்ப ஸாமா எதுக்கு?"

"ஆனா கடிதம்னா யாருக்கா இருந்தாலும்..."

"தெரியும். முத்திரை குத்து."

குத்திவிட்டாள், உறையை இன்னும் ஒட்டாததால் இந்தக் கடைசிப் பக்கத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். உன் கைக்கு உறை இப்படி வந்து சேரும்போது அந்த மளிகைக் கடைக்காரர் என்னை மரியாதை தெரியாத கிழவி என்று நினைப்பார். அதுவும் பரவாயில்லை. உள்ளே, உன் முகத்துக்கு நேரே, ஸான் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பூட்ஸை எறியவில்லை. உள்ளே காகிதம் திணித்து வைத்திருக்கிறேன். கூரையடியில் நூற்றிருபது மீன் தொங்குகிறது. எது யாருக்கு என்று எனக்கும் கென்ஸோவுக்கும் தினம் சண்டை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி ரயிலில் வா. அதற்குள் அந்த இஸோபே ஸான் கூப்பிட்டால், இந்த முறை நேரம் சொல்லிவிடுகிறேன்.

ஹிஸாயே